எஸ்.பி.எம். காலத்து மன இறுக்கம் உண்மையில் எதிலிருந்து வந்தது?

செந்தூல்வாசி (கோலாலம்பூர்):
அனைவருக்கும் வணக்கம். என் அக்காவின் மகள் இங்கே மலேசியாவில், இவ்வாண்டு இடைநிலைப்பள்ளியின் படிவம் ஐந்தில் படிக்கிறாள். ஆறாம் ஆண்டுத் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021ஆம் ஆண்டிலும் படிவம் மூன்றின் தேர்வான பி.டி.3 2022ஆம் ஆண்டிலும் அகற்றப்பட்டுவிட்டதால், அவள் எழுதப்போகும் முதல் அரசாங்கத் தேர்வே படிவம் ஐந்தின் முடிவில் வரும் எஸ்.பி.எம்.தான். "சின்னம்மா, உங்கள் காலத்திலும் இப்படித்தான் வயிற்றைக் கலக்குமா?" என்று அண்மையில் கேட்டாள். ஆமாம் என்று சொல்ல முடிந்ததே தவிர, ஏன் அப்படி இருந்தது என்று விளக்க எனக்கு வரவில்லை.

நான் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு, 2002இல், மலாய் பழகுவதற்கான ஓராண்டுப் புதுமுக வகுப்புக்கும் 2003இல் படிவம் ஒன்றுக்கும் போனவள். அந்த 2003இல்தான் இடைநிலைப்பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின. ஆறாம் ஆண்டு வரை தமிழில் கற்ற பின்னத்தையும் தசமத்தையும் ஆங்கிலத்தில் மறுபடி பழகிக்கொண்டே, வரலாற்றையும் புவியியலையும் மலாயில் மனனம் செய்து, 2007இல், பதினெட்டு வயதில், எஸ்.பி.எம். எழுதினேன். ஆயினும் பாடச்சுமை மட்டுமே காரணம் என்று என் மனம் ஒப்பவில்லை. கூடுதல் கணிதத்தோடு போராடிய இரவுகளைவிட, நான் படிக்கிறேன் என்பதற்காக அப்பா தொலைக்காட்சியின் ஒலியை முற்றிலும் அடக்கிவிட்டு, ஓடும் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் அமர்ந்திருந்த இரவுகளே எனக்கு இன்றும் கனக்கின்றன. உங்களுக்கு அந்த இறுக்கம் எங்கிருந்து வந்தது? இந்த வயதில் நின்று பார்க்கும்போது என்ன தோன்றுகிறது?

பிறைக்காரன் (பினாங்கு):
சகோதரி, எனக்கு எஸ்.பி.எம்.மைவிட அதற்கு அடுத்த கட்டம்தான் பெருஞ்சுமையாக இருந்தது. என்னோடு ஒரே வகுப்பில், ஏறக்குறைய ஒரே தேர்ச்சியோடு வெளிவந்த நண்பர்களில் சிலருக்கு, பல்கலைக்கழகத்துக்கு முந்திய அரசாங்கப் படிப்பான மெட்ரிகுலேஷன் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் ஓராண்டில் முடித்துப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தபோது, நான் ஆறாம் படிவத்தில் பாதி வழியில் இருந்தேன். தவணைதோறும் தேர்வெழுதும் முறை 2012இல் வருவதற்கு முன்பு, ஆறாம் படிவத்தின் தேர்வான எஸ்.டி.பி.எம். எழுதியவர்களுக்குத் தெரியும், படித்தது அத்தனையையும் கடைசியில் ஒரே மூச்சில் எழுதியாக வேண்டும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். புள்ளி குறைவு என்றால் இன்னும் படித்துச் சரிசெய்யலாம், ஆனால் ஏன் இடம் கிடைக்கவில்லை என்பதே தெரியாதபோது எதைச் சரிசெய்வது? எவ்வளவு உழைத்தால் போதும் என்று எவராலும் சொல்ல முடியாத நிலைதான் என்னை அரித்தது. 2024இல், எஸ்.பி.எம்.மில் 10ஏ (பத்துப் பாடங்களில் ஏ) அல்லது அதற்கு மேல் பெற்றவர்களுக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷனில் இடமுண்டு என்று அரசாங்கம் அறிவித்தபோது, இப்பிள்ளைகளுக்கு ஓர் எல்லைக்கோடாவது கண்ணுக்குத் தெரிகிறதே என்று நினைத்தேன். 9ஏ பெற்ற பிள்ளையின் நிலை என்ன என்பது வேறு கேள்வி.

பத்துமலை அடிவாரம் (சிலாங்கூர்):
நான் சற்று மாறுபடுகிறேன். அந்த அழுத்தம் இல்லாவிட்டால் நான் இன்றைய நிலைக்கு வந்திருக்க மாட்டேன். 1982இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ முருகன் நிலையம் என்ற இந்திய மாணவர்களுக்கான கல்வி அமைப்பில் ஞாயிற்றுக்கிழமைதோறும் படித்தவன் நான். பாடத்தோடு சேர்த்து, நீ படித்தால் உன் குடும்பம் தலைநிமிரும் என்று அங்கே ஓயாமல் சொல்வார்கள். அந்நிலையம் நடத்திய கல்வி யாத்திரையில் நூற்றுக்கணக்கான மாணவர்களோடு பத்துமலைப் படிகளில் ஏறியபோது, இந்தப் பாரத்தை நான் தனியாகச் சுமக்கவில்லை என்ற தெம்பு வந்தது. பிள்ளைகளிடம் எதிர்பார்ப்பு வைப்பதையே குற்றமாகப் பேசும் இன்றைய போக்கு எனக்கு உடன்பாடன்று.

ஓய்வாசிரியர் (ஜார்ஜ்டவுன்):
இடைநிலைப்பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றி, தேர்வு மண்டபங்களிலும் நின்றவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

பத்துமலை அன்பர் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் பெற்றது அழுத்தத்தோடு சேர்ந்த துணை. நான் மண்டபத்தில் கண்ட பிள்ளைகள் பலருக்கு அந்த இரண்டாவது பாதி கிடைக்கவில்லை. தேர்வு தொடங்குவதற்கு முன், மேசையின் மூலையில் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணையும் தன் அடையாள அட்டையையும் தேர்வுச் சீட்டையும் மாறி மாறிச் சரிபார்த்துக்கொண்டே இருப்பார்கள். நெற்றியில் திருநீறு உலர்ந்திருக்கும். முந்தின நாள் சாமி பாதத்தில் வைத்து வாங்கிய பேனாவில் குங்குமம் ஒட்டியிருக்கும். ஒரு மாணவி விடைத்தாளில் 2பி பென்சிலால் விடையைக் கருமையாக்கும்போது தாள் கிழியும் அளவுக்கு அழுத்தியதைப் பார்த்திருக்கிறேன். பாடம் தெரியாத பிள்ளையல்லள் அவள். தோட்டப்புறத்திலிருந்து பட்டணத்துக்குப் பெயர்ந்த குடும்பத்தில் முதன்முதலாக எஸ்.பி.எம். மண்டபத்தில் உட்கார்ந்தவள். அந்த மண்டபத்துக்குள் என்ன நடக்கும், முடிந்தபின் எந்த விண்ணப்பப் பாரத்தை எப்போது நிரப்ப வேண்டும், உயர்கல்விக்கூடங்களின் பெயர் என்ன என்பது அவள் வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியாததால் அன்புள்ள பெற்றோர் வாயடைத்துப் போனார்கள். செந்தூல் சகோதரியின் தந்தை ஒலியை அடக்கிவிட்டு உட்கார்ந்திருந்ததையும் நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். வீட்டில் முன்பே ஓர் அண்ணனோ அக்காவோ தேர்வெழுதியிருந்தால், இரண்டாவது பிள்ளையின் முகமே வேறாக இருக்கும். படிப்பில் அவன் கெட்டிக்காரனாக இல்லாவிட்டாலும்கூட.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். யு.பி.எஸ்.ஆர். மலாய்த் தாள்களில் போதிய தேர்ச்சி இல்லாத தமிழ், சீனப் பள்ளி மாணவர்களுக்குப் புதுமுக வகுப்பு ஒரு பாலமாக அமைந்தது உண்மைதான். ஆனால் பதின்மூன்று வயதில், பக்கத்து வீட்டுத் தோழன் படிவம் ஒன்றுக்குப் போகத் தான் போகவில்லை என்ற வலி பிள்ளைக்கு ஆண்டுக்கணக்கில் இருக்கும். அதன்மேல் 2003இன் ஆங்கில மாற்றம் வந்தது. 2012 முதல் அதுவும் படிப்படியாகக் கைவிடப்பட்டது. கொள்கை மாறும்போதெல்லாம் அதன் விலையைக் கொடுத்தவர்கள் அந்தந்த ஆண்டில் வகுப்பில் இருந்த பிள்ளைகளே என்பதில் எனக்கு இன்றும் ஆதங்கம் உண்டு.

ஜூலைத் தாள் (பாயான் லெப்பாஸ்):
ஐயா சொன்னதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. இங்கே இதுவரை எழுதியவர்கள் எல்லாம் தேறியவர்கள். நான் மலாய்மொழியில் தவறியவன். மற்றப் பாடங்கள் எப்படி இருந்தாலும் மலாய்மொழியில் தேர்ச்சி இல்லையென்றால் சான்றிதழே இல்லை. 2013 முதல் வரலாற்றுக்கும் அதே விதிதான். முடிவு வந்த மறுநாள் தமிழ் நாளிதழ்களில் சிறப்புத் தேர்ச்சி பெற்றவர்களின் படங்கள் பக்கம் பக்கமாக வந்திருந்தன. அம்மா அந்த நாளிதழை வாங்கவே வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. என் முடிவுத்தாளை அம்மா மடித்துச் சாமி மேடைக்கு அடியில், பழைய பஞ்சாங்கங்களுக்கு நடுவே வைத்துவிட்டார். உறவினர் வந்து கேட்டால், இன்னும் வரவில்லை என்பார்.

என்னை மீட்டது ஒரு தகவல். எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் மளிகைக்கடை வைத்திருந்த அண்ணன், மலாய்த் தாளை மட்டும் ஜூலையில் திரும்ப எழுதலாம், எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டியதில்லை என்று சொன்னார். பள்ளியில் எவரும் எனக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை. எழுதினேன், தேறினேன், தொழிற்பயிற்சிக் கழகத்தில் சேர்ந்தேன். இன்று இங்குள்ள தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்புப் பிரிவில் தொழில்நுட்பராக இருக்கிறேன். அழுத்தம் நம்மை வளர்த்தது என்று அண்ணன்மார் சொல்லும்போது, அதே மண்டபத்தில் எங்களோடு இருந்து, இந்தத் தகவல் கிடைக்காமலேயே போன நண்பர்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அவர்களில் யாரும் இங்கே வந்து எழுதப் போவதில்லை.

பத்துமலை அடிவாரம்:
தம்பி, நீங்கள் சொல்வது நியாயம். ஞாயிறு வகுப்பிலும் பாதியில் நின்றுவிட்டவர்கள் இருந்தார்கள். அவர்களைத் தேடிப்போய் எவரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

செந்தூல்வாசி:
அனைவருக்கும் நன்றி. ஐயா, அப்பாவின் மௌனத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அவர் தோட்டத்தில் ஆறாம் வகுப்போடு நின்றவர். என்ன கேட்பது என்றே அவருக்குத் தெரிந்திருக்காது என்பது இதுவரை என் நினைவுக்கு எட்டவில்லை.

நேற்றிரவு அக்கா மகளோடு உட்கார்ந்து, எஸ்.பி.எம்.முக்குப் பின் உள்ள வழிகளை ஒரு தாளில் எழுதினோம்: ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன், பாலிடெக்னிக், தொழிற்பயிற்சி. ஒரு பாடம் தவறினால் என்ன செய்யலாம் என்பதற்கும் ஒரு வரி ஒதுக்கினோம். அவள் எழுப்பிய கேள்விகளில் பாதிக்கு எனக்கு விடை தெரியவில்லை. ஜூலைத் தாள் தம்பி, அவள் உங்களிடம் நேரில் சில கேள்விகள் கேட்க விரும்புகிறாள். உங்களுக்குச் சம்மதமானால் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.