பிராசசர் கோர்களை நாமே பிரித்துக் கொடுத்தால் கேம் வேகமாகுமா?

இளங்கோ (ஜெயநகர்):

என் மைத்துனர் மகன் பெங்களூரு எஸ்.பி. ரோடு பக்கம் ஒரு கடையில் புதிதாகக் கணினி ஒன்றைச் சேர்த்துக் கட்டினான். ஐ5 12400எஃப் பிராசசர், நடுத்தர விலையில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. பில்லின் அடியில் ‘கேமிங் டியூனிங்’ என்று தனியாக ஒரு தொகை இருந்தது. அது எதற்கு என்று கேட்டபோது கையால் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டில் நான்கு வரிகள்: எம்எஸ்கான்ஃபிக்கில் பிராசசர் எண்ணிக்கை 12, கோர் பார்க்கிங் நீக்கம், கேமுக்கு ரியல்டைம் முன்னுரிமை, ஈ-கோர் ஆஃப். கடைசி வரியைப் படித்ததும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கோர் என்பது பிராசசருக்குள் தனியாக வேலை செய்யும் கணிப்புப் பகுதி; அதில் வேகமானது பி-கோர், மின்சாரம் குறைவாகச் செலவழிக்கும் சிறியது ஈ-கோர். 12400எஃப்-இல் இருப்பவை தலா இரண்டு திரெட் (வேலைச் சரடு) ஓட்டும் ஆறு பி-கோர்கள் மட்டுமே. அணைப்பதற்கு அதில் ஈ-கோர் என்று ஒன்று கிடையவே கிடையாது.

மற்ற மூன்றும் இதைவிட மேலானவை அல்ல என்பதே என் வாதம். விண்டோஸ் தொடங்கும் விதத்தை மாற்றும் கருவியான எம்எஸ்கான்ஃபிக்கில் உள்ள அந்தப் பெட்டி ஓர் உச்சவரம்பு. கோர் குறைவான கணினியில் தங்கள் மென்பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்று சோதிப்பவர்களுக்கானது. டிக் செய்யாமல் விட்டால் விண்டோஸ் இருக்கிற எல்லாக் கோர்களையும் தானே எடுத்துக்கொள்ளும். அங்கே 12 என்று குறிப்பதால் வரவு ஒன்றுமில்லை. பின்னொரு நாள் அதே போர்டில் 20 திரெட் கொண்ட 13600கே-யை மாட்டினால் 12-க்கு மேல் போகாது என்ற செலவு மட்டும் உண்டு. மற்ற எல்லா வேலைக்கும் முன்னால் கேமை ஓட்டச் சொல்லும் ரியல்டைம் முன்னுரிமையோ மவுஸ் அசையாமல் நிற்கும் அளவுக்குக் கொண்டுபோய் விடக்கூடியது என்று மைக்ரோசாஃப்ட்டே தன் ஆவணத்தில் எச்சரிக்கிறது. பார்க்கிங்கில், அதாவது வேலையில்லாமல் ஓய்வில், இருக்கும் கோர்களைச் சுமை ஏறியதும் விண்டோஸ் எழுப்பிவிடும். எந்தக் கோரில் எந்த வேலையை ஓட்டுவது என்று ஒவ்வொரு நொடியும் பலமுறை முடிவெடுக்கும் ஷெட்யூலரைவிட டாஸ்க் மேனேஜரில் நான்கு டிக் போடும் நமக்கு அதிகம் தெரியும் என்று நினைப்பது எனக்கு விளங்கவில்லை. மாற்றுக் கருத்துள்ளவர்கள் காரணத்தோடு சொல்லலாம்.

சாதிக் (மாரத்தஹள்ளி):

எம்எஸ்கான்ஃபிக், ரியல்டைம் இரண்டிலும் இளங்கோ அண்ணன் சொல்வதற்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு கடைக்காரரின் துண்டுச்சீட்டை வைத்துக்கொண்டு, கோர் அமைப்புகளைத் தொடுவதே வீண் என்று முடிவு கட்டுவது நியாயமாகாது.

2005இல் ஏஎம்டியின் அத்லான் 64 எக்ஸ்2 வந்தபோது நடந்ததைப் பாருங்கள். ஒவ்வொரு கோரும் தனக்கென ஒரு நேரக் கணக்கு வைத்திருந்தது. மின்சாரத்தைச் சேமிக்க வேகம் கூடிக் குறைந்ததில் இரண்டு கணக்குகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகின. அந்தக் கணக்கை நம்பி எழுதப்பட்ட கேம் ஒரு கோரிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போதெல்லாம் காலம் முன்னே குதித்தது, பின்னே போனது. கேமை ஒரே கோரில் கட்டிப்போட்டவர்கள் நிம்மதியாக விளையாடினார்கள். ஏஎம்டி பிறகு அதற்கென்றே டூயல் கோர் ஆப்டிமைசர் என்ற மென்பொருளை வெளியிட்டது.

பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2021 நவம்பரில் இன்டெலின் 12ஆம் தலைமுறை வந்தபோது, டெனுவோ என்ற திருட்டு நகல் தடுப்பு உள்ள சில கேம்கள் ஈ-கோரை வேறொரு கணினி என்று எண்ணிக்கொண்டு ஓட மறுத்தன. அதற்கு இன்டெல் சொன்ன தற்காலிக வழி, பயாஸில் (விண்டோஸுக்கு முன் இயங்கும், போர்டின் அடிப்படை மென்பொருளில்) ஓர் அமைப்பை இயக்கி, ஸ்க்ரோல் லாக் விசையை அழுத்தி ஈ-கோர்களை ஓய்வுக்கு அனுப்புவது. 2023 பிப்ரவரியில் வந்த ரைசன் 9 7950எக்ஸ்3டி-யில் 16 கோர்கள் எட்டு எட்டாக இரண்டு பிரிவாக இருக்கின்றன. ஒரு பிரிவுக்கு மட்டும் 96 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே உள்ள வேகமான நினைவகம்). விண்டோஸில் உள்ள எக்ஸ்பாக்ஸ் கேம் பார் ‘இது கேம்’ என்று அடையாளம் கண்டதும், சிப்செட் டிரைவர் மற்ற எட்டுக் கோர்களைப் பார்க் செய்துவிடுகிறது. ஷெட்யூலருக்கு எல்லாம் தெரியும் என்றால், பிராசசரைச் செய்த நிறுவனமே ஏன் இந்த ஏற்பாட்டைச் செய்ய வேண்டும்?

மீனா (கோரமங்களா):

கேம் எஞ்சின் வேலையில் இருப்பவள் என்ற முறையில் உள்ளே நடப்பதைச் சொன்னால் இருவருக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

ஒரு ஃபிரேம், அதாவது திரையில் வரும் ஒரு படம், உருவாக, பெரும்பாலான எஞ்சின்களில் கேமின் போக்கை நடத்தும் மெயின் திரெட் ஒன்று இருக்கிறது, படம் வரையும் கட்டளைகளைத் தயாரிக்கும் ரெண்டர் திரெட் ஒன்று இருக்கிறது, அனிமேஷன், இயற்பியல் கணக்கு போன்றவற்றைப் பகிர்ந்துகொள்ளும் வொர்க்கர் திரெட்கள் சில இருக்கின்றன. நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி, 144 வேண்டுமென்றால் 6.9 மில்லிநொடி. மெயின் திரெட் மட்டும் 10 மில்லிநொடி எடுத்துக்கொள்ளும் கேமில், ஆறு கோர் போட்டாலும் இருபத்து நான்கு கோர் போட்டாலும் நொடிக்கு 100 ஃபிரேமைத் தாண்ட முடியாது. பந்தியில் பரிமாற எத்தனை பேர் நின்றாலும் சோறு வடிப்பவர் ஒருவர்தான் என்றால், இலை நிறைவது அவர் கையின் வேகத்தில்தான். கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967இல் சொன்ன கணக்கும் இதுதான்: வேலையில் 40 சதவீதத்தைப் பிரிக்க முடியாது என்றால், எண்ணற்ற கோர்களைக் கொடுத்தாலும் வேகம் இரண்டரை மடங்குக்கு மேல் ஏறாது.

ஆகவே பல கோர்களைப் பயன்படுத்துவது கேமை எழுதியவர் கையில் இருக்கிறது. வால்வ் நிறுவனத்தின் சோர்ஸ் எஞ்சின் கேம்களில் ‘மல்டிகோர் ரெண்டரிங்’ என்று ஓர் அமைப்பு உண்டு. அது உண்மையிலேயே வேலையைப் பிரிக்கிறது. கேம் கார்டோடு பேசும் இடைமுகமான டைரக்ட்எக்ஸில் 11, 12 இரண்டையும் தரும் கேமில் 12-ஐத் தேர்ந்தெடுத்தால், வரையும் கட்டளைகளைப் பல திரெட்களில் தயாரிக்க வழி பிறக்கிறது. அந்த வழியை எழுதியவர் நன்றாகப் பயன்படுத்தியிருக்கிறாரா என்பது கேமுக்குக் கேம் மாறும். கேமுக்குள் இருக்கும் இத்தகைய அமைப்புகளை முயன்று பார்ப்பதில் தவறே இல்லை.

வெளியிலிருந்து அஃபினிட்டி போடுவது, அதாவது கேம் எந்தெந்தக் கோரில் ஓடலாம் என்று நாமே குறிப்பது, வேறு விஷயம். பல எஞ்சின்கள் தொடங்கும்போதே கணினியில் எத்தனை திரெட் உண்டு என்று எண்ணி, அதற்கேற்ற எண்ணிக்கையில் வொர்க்கர்களை உருவாக்கிக்கொள்கின்றன. கேம் ஓடத் தொடங்கிய பிறகு நீங்கள் டாஸ்க் மேனேஜரில் பாதிக் கோர்களின் டிக்கை எடுத்தால், அத்தனை வொர்க்கர்களும் மிச்சமிருக்கும் கோர்களுக்காக முட்டி மோதும். மெயின் திரெட் அவற்றில் ஒன்று முடிப்பதற்காகக் காத்து நிற்கும். திரையில் அது திணறலாகத் தெரியும். ஆன்டி-சீட் (ஏமாற்று ஆட்டத் தடுப்பு) உள்ள ஆன்லைன் கேம்கள் சிலவற்றில் ‘அணுகல் மறுக்கப்பட்டது’ என்று வருவதால் அந்த வம்பு தானாகவே தவிர்க்கப்படுகிறது.

இளங்கோ (ஜெயநகர்):

மீனா அவர்கள் சொன்னதே போதுமானது. சாதிக் தம்பியின் எடுத்துக்காட்டுகளுக்கு மட்டும் ஒரு பதில். 2005, 2021, 2023 என்று மூன்றையும் பாருங்கள்: பிராசசரைச் செய்தவர்கள் குறையைக் கண்டார்கள், டிரைவராகவோ பயாஸ் அப்டேட்டாகவோ, கேமுக்கான திருத்தமாகவோ தீர்வு வந்தது. பயனர் செய்ய வேண்டியிருந்தது அப்டேட் போடுவது ஒன்றுதான். எக்ஸ்3டி வைத்திருப்பவர் சிப்செட் டிரைவரைச் சரியாக நிறுவினால் போதும், அஃபினிட்டி பக்கமே போக வேண்டியதில்லை. விதிவிலக்கைக் காட்டி விதியை உடைக்க முடியாது.

சாதிக் (மாரத்தஹள்ளி):

விதிவிலக்கு என்று அண்ணன் சொல்வது என் மேசையில் தினமும் நடக்கிறது. என்னிடம் இருப்பது ஐ7 12700: எட்டு பி-கோர், நான்கு ஈ-கோர். கார்டு பழைய ஜிடிஎக்ஸ் 1060. விளையாடிக்கொண்டே தமிழில் வர்ணனை செய்து ஓபிஎஸ் என்ற மென்பொருள் வழியாக ஒளிபரப்புகிறேன்; வீடியோவைச் சுருக்கும் வேலையை எக்ஸ்264 மூலம் பிராசசரே செய்கிறது. சண்டைக் காட்சிகளில் சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பது) குறையாது, ஆனால் நடுநடுவே ஒரு வெட்டு விழும். ஓபிஎஸ், பிரௌசர், டிஸ்கார்டு மூன்றையும் பிராசஸ் லாசோ என்ற மென்பொருள் மூலம் ஈ-கோர்களுக்கு அனுப்பினேன். ஓபிஎஸ்ஸில் சுருக்கும் தரத்தை நான்கு கோர்கள் தாங்கும் அளவுக்கு ஒரு படி இறக்கினேன். வெட்டு நின்றது. கேமை நான் எந்தக் கோரிலும் கட்டிப்போடவில்லை என்பதைக் கவனியுங்கள். அதைச் சுற்றி நின்ற கூட்டத்தைத்தான் ஒதுக்கினேன். மீனா அவர்கள் சொன்ன வொர்க்கர் நெரிசல் இங்கே எழவே இல்லை.

இளங்கோ (ஜெயநகர்):

ஒளிபரப்புக்கு எக்ஸ்264 எதற்கு? கார்டிலேயே வீடியோவைச் சுருக்க என்வென்க் என்று தனிப் பகுதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் பிராசசருக்கு அந்தச் சுமையே வராது, கோர் பிரிக்கும் வேலையும் மிச்சம். தரத்தை ஒரு படி இறக்கியதால் வெட்டு நின்றதா, ஈ-கோருக்கு அனுப்பியதால் நின்றதா என்பதையும் நீங்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

சாதிக் (மாரத்தஹள்ளி):

1060-இல் உள்ள பழைய என்வென்க்கில், நான் அனுப்பக்கூடிய பிட்ரேட்டுக்கு (நொடிக்கு அனுப்பும் தரவின் அளவுக்கு)ப் புல்வெளியும் புகையும் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. புதுக் கார்டு வாங்கு என்பது அமைப்பு மாற்றத்துக்கு மாற்று ஆகாது. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதை ஏற்கிறேன், செய்து பதிகிறேன்.

மீனா (கோரமங்களா):

பிரித்துப் பார்ப்பது என்று பேச்சு வந்ததால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இந்த விஷயத்தில் உலவும் ‘எனக்கு வேலை செய்தது’ என்ற சாட்சியங்களில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. புதிய கேம்கள் முதல் தடவை ஒரு காட்சிக்குள் நுழையும்போது அதற்கான ஷேடர்களை, அதாவது கார்டில் ஓடும் சிறு நிரல்களை, கம்பைல் செய்கின்றன. அந்த நேரத்தில் திணறல் வரும். கம்பைல் செய்தவை டிஸ்கில் சேமிக்கப்படுவதால், அடுத்த தடவை அதே காட்சி வழுக்கிக்கொண்டு போகும். இப்போது நம் ஆள் என்ன செய்கிறார்? முதல் ஓட்டத்தில் திணறலைக் கண்டு கேமை மூடுகிறார், யாரோ சொன்ன கோர் அமைப்பை மாற்றுகிறார், மறுபடி திறக்கிறார், திணறல் காணோம். புகழ் முழுவதும் கோர் அமைப்புக்குப் போய்விடுகிறது. ஒன்றையும் மாற்றாமல் வெறுமனே மூடித் திறந்திருந்தாலும் அதுதான் நடந்திருக்கும்.

இன்னொரு மயக்கம் டாஸ்க் மேனேஜரில் இருக்கிறது. பிராசசர் பயன்பாடு 30 சதவீதம்தான், ஆகவே கேம் கோர்களைப் பயன்படுத்தவில்லை என்கிறார்கள். 12 திரெட் உள்ள பிராசசரில் ஒரே ஒரு திரெட் முழுமூச்சாக ஓடினால் மொத்தப் பயன்பாட்டில் அது 8.3 சதவீதம்தான். மெயின் திரெட் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்போதும் மொத்த எண் சாதுவாகவே தெரியும்.

முதலில் ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் உங்கள் தடை கிராஃபிக்ஸ் கார்டு. பிராசசர் பக்கம் எதை மாற்றினாலும் பயனில்லை. ஏறாவிட்டால் மட்டுமே இந்த விவாதம் உங்களுக்குப் பொருந்தும்.

வேலு (அல்சூர்):

அண்ணன்மார்களுக்கும் அக்காவுக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ஒரு கேமிங் லேப்டாப், ரேம் ஒரே குச்சியாக 8 ஜிபி. மொட்டை மாடியில் ஷீட் போட்ட அறையில் தங்கியிருக்கிறேன். ஏப்ரல் மாதத்தில் கேம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எஃப்பிஎஸ் சரிகிறது. அல்டிமேட் பெர்ஃபார்மன்ஸ் பவர் பிளானைப் போட்டும் மாற்றமில்லை. கோர்களில் எதைத் தொடுவது?

இளங்கோ (ஜெயநகர்):

எதையும் தொட வேண்டாம், தம்பி. இன்னொரு 8 ஜிபி குச்சி போடுங்கள். டூயல் சேனல் ஆனால் பிராசசருக்கும் ரேமுக்கும் இடையே பாதை இரட்டிப்பாகும். மேசைக் கணினிக்காரர்களும் இதைக் கவனிக்கலாம்: 3200 என்று வாங்கிய டிடிஆர்4 ரேம், பயாஸில் எக்ஸ்எம்பியை (ரேமை அதன் அறிவித்த வேகத்தில் ஓட்டும் அமைப்பை) இயக்காவிட்டால் பல போர்டுகளில் 2133 அல்லது 2666-இல்தான் ஓடும். அல்டிமேட் பிளான் லேப்டாப்புக்கு உகந்ததல்ல. உங்கள் அறையில் அது சூட்டைத்தான் கூட்டும். ஃபேனைத் திறந்து தூசி தட்டச் சொல்லுங்கள்.

சாதிக் (மாரத்தஹள்ளி):

ரேமும் தூசியும் சரி. ஆனால் வேலு தொட வேண்டிய பிராசசர் அமைப்பு ஒன்று இருக்கிறது, அண்ணன் வேண்டுமென்றே அதைத் தாண்டிப் போகிறார். பவர் பிளானில் ‘மேக்சிமம் பிராசசர் ஸ்டேட்’ என்பதை 100-இலிருந்து 99 ஆக்கினால் பல லேப்டாப்களில் டர்போ பூஸ்ட், அதாவது பிராசசர் தானே கூட்டிக்கொள்ளும் கூடுதல் வேகம், நின்றுவிடும். பிராசசரும் கார்டும் சூட்டை வெளியே கடத்தும் ஒரே ஹீட் பைப்பைப் பகிரும் லேப்டாப்பில், பிராசசர் தணிந்தால் கார்டுக்கு மூச்சு கிடைக்கும், எஃப்பிஎஸ் ஏறாவிட்டாலும் சரியாமல் நிற்கும். பிராசசரின் கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பதும் அமைப்பு மாற்றம்தானே?

இளங்கோ (ஜெயநகர்):

அது சூட்டுக்கு மருந்து. கோர்களைப் பிரித்துக் கொடுப்பதற்கு ஆதாரம் ஆகாது. மெயின் திரெட்டை நம்பி ஓடும் கேமில் டர்போவை நிறுத்தினால் எஃப்பிஎஸ் நேராகவே குறையும் என்பதையும் வேலுவிடம் சொல்லிவிடுங்கள்.

மீனா (கோரமங்களா):

இருவரும் ஒப்புக்கொண்டால் ஒரு சோதனை வைக்கலாம். ‘ஷேடோ ஆஃப் த டூம்ப் ரைடர்’ கேமில் உள்ளேயே பெஞ்ச்மார்க் இருக்கிறது; முடிவில் பிராசசர் தந்த வேகம், கார்டு தந்த வேகம், எத்தனை சதவீத நேரம் கார்டு தடையாக இருந்தது என்று தனித்தனியாகக் காட்டும். சாதிக்கின் 12700-இல் முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காமல், ஒவ்வொரு அமைப்புக்கும் பலமுறை ஓட்டி, ஃபிரேம் நேரங்களை அளக்கும் கேப்ஃபிரேம்எக்ஸ் மென்பொருளின் பதிவுக் கோப்புகளையும் இங்கே இடுங்கள். 1060 தடையாக நிற்காதபடி ரெசல்யூஷன் குறைவாக இருக்கட்டும்.

சாதிக் (மாரத்தஹள்ளி):

சம்மதம். ஆனால் ஓபிஎஸ் பின்னால் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நான் பேசுவது அந்த நிலைமையைப் பற்றித்தான்.

இளங்கோ (ஜெயநகர்):

ஓபிஎஸ் இல்லாமலும் ஓட்ட வேண்டும், கேமை பி-கோர்களில் மட்டும் கட்டிப்போட்டும் ஓட்ட வேண்டும், ஏனெனில் ஊரில் பெரும்பாலானவர்கள் செய்வது அதைத்தான். இரண்டு சோதனையிலும் எக்ஸ்264 தரம் ஒரே படியில் இருக்கட்டும். ஒரு சதவீத லோ எண்ணையும் (மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகத்தையும்) சேர்த்துப் பதியுங்கள். சராசரியை மட்டும் இட்டால் நான் ஏற்க மாட்டேன்.