கிராப் பக்கெட்: அள்ளியா, கவ்வியா, கவ்வுவாளியா?

அன்புடையீர், வணக்கம்.

கப்பலின் சரக்கறைக்குள்ளிருந்து நிலக்கரியையும், பாலத்தூணுக்காகக் கிணறு போல் மண்ணுக்குள் இறக்கும் கிணற்று அடித்தளத்தின் உள்ளிருந்து மண்ணையும் எடுத்து மேலேற்றுகிற கிராப் பக்கெட்டுக்குத் நம் கலைச்சொல் பட்டியலில் என்ன தமிழ்ப்பெயர் வைப்பது என்று மடல்களில் நடக்கும் பேச்சில் இதுவரை அள்ளி, அள்ளுகலம், பற்றுவாளி, கிளிஞ்சல் வாளி, கவ்வி என்று ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன. அவற்றுள் அள்ளி என்பதை முன்வைத்து, அது சுருக்கமாக இருக்கிறது, எல்லோருக்கும் புரிகிறது என்று வாதாடியவன் நான். இப்போது அதை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். காரணத்தைச் சொல்ல, சொல்லை விட்டுக் கொஞ்ச நேரம் கருவியைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பொறியியல் படிக்காத நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அள்ளுதல் என்றால் கை குவியலுக்குள் நுழைந்து, அடியில் போய், தாங்கிக்கொண்டு மேலே வருவது. அந்தக் கைக்குப் பின்னால் அதை உள்ளே தள்ளுகிற தோள் ஒன்று இருக்கிறது. குவியலை முன்வாளியால் அள்ளும் வண்டியான பேலோடரின் வாளிக்கு அந்தத் தோள் உண்டு. நாம் பொக்லைன் என்று அழைக்கிற தோண்டும் வண்டிக்கும் உண்டு. கயிற்றில் தொங்கும் கிராப்புக்குத் தோள் கிடையாது. கயிறு இழுக்கும், தள்ளாது. ஆகவே குவியலுக்குள் இறங்குவதற்கு அந்தக் கருவியிடம் இருப்பது தன்னுடைய எடை மட்டுமே. இறங்கிய இடத்தில் பொருளைப் பிடிப்பதற்கு இருப்பது தன்னுடைய இரண்டு தாடைகள் ஒன்றையொன்று நெருங்குகிற விசை மட்டுமே. நாய் எலும்பைக் கவ்வும்போது விசை இரு தாடைகளுக்கு நடுவே நிற்கிறது, வெளியிலிருந்து யாரும் தள்ளுவதில்லை. இங்கே நடப்பதும் அதுதான். அள்ளுதல் என்ற வினை இந்தக் கருவிக்கு இல்லாத தோளை அதற்குக் கொடுத்துவிடுகிறது என்பதே என் மனமாற்றத்துக்குக் காரணம்.

கருவியின் உடற்கூறு எளிது. மேலே கப்பிகளைக் கொண்ட தலை. கீழே கப்பிகளைக் கொண்ட இன்னொரு கட்டை. அந்தக் கீழ்க்கட்டையில் கீல் போட்டு மாட்டிய இரண்டு தாடைகள். தாடைகளின் வெளிப்பக்கங்களைத் தலையோடு இணைக்கும் கைகள். கயிறுகள் இரு வகை. ஒன்று தலையில் கட்டப்பட்டு முழுக் கருவியையும் தாங்குகிறது. மற்றது தலைக்கும் கீழ்க்கட்டைக்கும் இடையே பல முறை மடங்கி ஓடி, பிறகு மேலே கிரேனின் இன்னொரு உருளைக்குப் போகிறது. முதற்கயிற்றில் தொங்கி, வாயைத் திறந்தபடி கருவி குவியலின் மேல் இறங்கும். இரண்டாவது கயிற்றை இழுத்தால் கீழ்க்கட்டை தலையை நோக்கி ஏறும், கைகள் தாடைகளை உள்நோக்கி மடக்கும், வாய் மூடும். மூடியபின் இரண்டு கயிறுகளும் சேர்ந்து ஏற்றும். பொருளை வாங்கிக்கொள்ளும் புனல் வடிவத் தொட்டியான ஹாப்பருக்கு மேல் வந்ததும் முதற்கயிற்றை நிறுத்திப் பிடித்துக்கொண்டு இரண்டாவதைத் தளர்த்தினால் வாய் திறந்து பொருள் கொட்டும்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. வடிவமைப்பின் பெரும்பகுதி அதைச் சமாளிப்பதுதான். மூடுவதற்காக இழுக்கிற கயிறே கருவியை மேலே தூக்கவும் பார்க்கிறது. 8 டன் எடையுள்ள கிராப்பின் மூடும் கயிற்றில் 3 டன் இழுவை இருக்கிறது என்று கொள்வோம். குவியலை அழுத்துவதற்கு மிஞ்சுவது 5 டன். கயிறு இடையில் 4 முறை மடங்கியிருந்தால் கீழ்க்கட்டையை மேலே இழுக்கும் விசை ஏறத்தாழ 12 டன். கப்பிதோறும் உராய்வில் கொஞ்சம் போகும், அதை இங்கே விட்டுவிடுகிறேன். அதே 12 டன்னை 6 மடிப்பில் பெற வேண்டுமானால் கயிற்றில் 2 டன் இழுவை போதும். அப்போது 6 டன் கீழே அழுத்துகிறது, தாடைகள் இன்னும் ஆழமாக இறங்குகின்றன. அப்படியானால் மடிப்பைக் கூட்டிக்கொண்டே போகலாமே என்றால், அதற்கு விலை நேரம். கட்டைகள் இரண்டும் 1.5 மீட்டர் நெருங்க வேண்டும் என்றால் 4 மடிப்புக்கு 6 மீட்டர் கயிற்றையும், 6 மடிப்புக்கு 9 மீட்டர் கயிற்றையும் சுருட்டியாக வேண்டும். நொடிக்கு 1.5 மீட்டர் சுருட்டும் உருளைக்கு அது 4 நொடிக்கும் 6 நொடிக்கும் உள்ள வேறுபாடு. இறக்கி, கவ்வி, ஏற்றி, கொட்டி, திரும்பும் ஒரு சுற்று ஒரு நிமிடத்தை ஒட்டி முடிகிற கப்பல்துறையில் 2 நொடியை யாரும் சும்மா விட்டுக்கொடுக்க மாட்டார்கள். இளகிய தானியத்துக்குக் குறைந்த மடிப்பும், இறுகிய தாதுக்கு அதிக மடிப்பும் அதிக எடையும் என்று பிரிவது இதனால்தான். நீருக்குள் இறக்கும் கிராப்புக்கு இன்னொரு இழப்பும் உண்டு: எஃகின் அடர்த்தி நீரைப்போல் 7.85 மடங்கு என்பதால், எடையில் எட்டில் ஒரு பங்கு மிதப்பில் போய்விடும். கரையில் 8 டன்னாக இருந்தது கிணற்று அடித்தளத்தின் நீருக்குள் 7 டன்தான்.

மடிப்பு என்று மேலே எழுதியதையும் ஒரு கலைச்சொல்லாக உறுதி செய்துகொள்ளலாம் என்பது என் கருத்து. ஒரு நண்பர் புரி என்று எழுதியிருந்தார். புரி என்பது கயிற்றை முறுக்கிய இழைத்தொகுதியைக் குறிக்கிறது; முப்புரி நூல் என்கிறோம்; எஃகுக் கயிற்றிலும் அந்தச் சொல் அதே பொருளில் தேவைப்படும். சுற்று என்றால் உருளையில் சுற்றிய சுற்று. மடி என்பதோ கயிறு மடங்கியதையும் சொல்கிறது, விசை அத்தனை மடங்காவதையும் சொல்கிறது. நான்மடிக் கயிறு, அறுமடிக் கயிறு என்றால் கணக்கு சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. இப்படித் தானாக வாய்க்கிற சொல் அடிக்கடி அமைவதில்லை.

இனி வினைக்கு வருகிறேன். பற்று என்பது கையின் பிடி. மரக்கட்டையைப் பற்றலாம், தூளைப் பற்ற முடியாது. வாருதல் நல்ல சொல்தான், ஆனால் தூர்வாரி என்பது முழுக் கப்பலுக்கும் பெயராகிவிட்டது. அந்தக் கப்பலில் தொங்கும் கருவிக்கும் வாரி என்றால் குழப்பம் வரும். கிளிஞ்சல் வாளி என்பது ஆங்கிலத்தின் கிளாம்ஷெல் என்ற உவமையை நாம் கடன் வாங்குவது. உவமை பொருந்தாது என்று சொல்லவில்லை, ஆனால் கிளிஞ்சல் என்றதும் நம் மனத்தில் வருவது சுண்ணாம்புக் காளவாய், கவ்வுகிற வாய் அல்ல. பிற மொழிகள் பெரும்பாலும் வினையையே பிடித்திருக்கின்றன. ஆங்கிலத்தில் கிராப் என்பது வெறும் அன்றாட வினைச்சொல். ஜெர்மானியர் கிரைஃபர் என்றும் டச்சுக்காரர் கிரைபர் என்றும் பிடிக்கும் வினையிலிருந்தே பெயரிட்டார்கள். பிரெஞ்சுக்காரரின் பென் பிரெனூஸ் என்பதற்கு எடுக்கும் வாளி என்றே பொருள். ஆங்கிலேயரின் கிராப்புக்குப் புகழ் வாங்கித் தந்தவர்களில் இங்கிலாந்தின் ஹல் நகரத்துப் பிரீஸ்ட்மன் நிறுவனத்தார் முக்கியமானவர்கள். 1702-இல் ஸ்பெயினின் விகோ விரிகுடாவில் மூழ்கிய கப்பல்களின் பொன்னை எடுப்பதற்கென்று 1870-களில் கிராப் செய்யப் போய், பொன் கிடைக்காமல், அந்தக் கருவி துறைமுகச் சேற்றை எடுக்கப் பயன்பட்ட கதை அவர்களுடையது.

கவ்வு என்பதற்கு வேலைக்களமே சாட்சி சொல்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு துறைமுகத்தில், நிலக்கரிக் கப்பலின் மேல்தளத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தேங்காய் அளவுள்ள ஒரு கட்டி இரண்டு தாடைகளின் விளிம்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. நான்கு விரல் இடைவெளி இருக்கும். கப்பலின் விளிம்பிலிருந்து ஹாப்பர் வரைக்கும் தளத்தின்மேல் கரிக்கோடு ஒன்று விழுந்தது. காற்று அதைக் கலைத்துக் கொண்டுபோய்க் கடலில் போட்டது. கிரேனை ஓட்டியவர் எட்டிப் பார்த்து, “வாய் மூடல” என்றார். அடுத்த முறை இறுகிக் கிடந்த ஓரத்தில் இறக்கியபோது மேலாகச் சுரண்டிக்கொண்டு அரைகுறையாக எழுந்தது. “கடிக்க மாட்டேங்குது” என்றார். பிறகு தாங்கும் கயிற்றை இன்னும் கொஞ்சம் தளர்த்திவிட்டு மூடினார், கருவி மூடமூடத் தானாகக் கீழே இறங்கிக் கடித்தது. அந்தக் கயிற்றை விறைப்பாக வைத்திருந்தால் கருவியின் எடை குவியலுக்குப் போய்ச் சேராது என்பதைப் பாடப்புத்தகம் அரைப் பக்கத்தில் விளக்கும். அவர் கை அறிந்திருந்தது. வாய், மூடுதல், கடித்தல் என்று அவர் வழங்கிய மூன்றுமே தாடையைச் சேர்ந்த சொற்கள். கடிவாளி என்று வைத்தால் கடிவாளம் வந்து குறுக்கே நிற்கும் என்பதால் கடி வேண்டாம், கவ்வு போதும்.

அப்படியானால் கவ்வி என்றே விட்டுவிடலாமே, வாளி எதற்கு என்று கேட்கலாம். நானும் முதலில் வாளி வேண்டாம் என்றுதான் நினைத்தேன். வாளி என்றால் வாய் மேலே இருக்கும், பிடி இருக்கும், கவிழ்த்தால்தான் கொட்டும். இதுவோ அடியில் திறப்பது. ஆனால் இந்தக் கருவியை வாங்குகிறவர் முதலில் கேட்கும் கேள்வி எத்தனை கன மீட்டர் என்பதுதான். 25 டன் தூக்கும் கிரேனில் 10 டன் எடையுள்ள கிராப்பை மாட்டினால் பொருளுக்கு மிஞ்சுவது 15 டன். கன மீட்டருக்கு 0.85 டன் உள்ள நிலக்கரிக்கு அது 17 கன மீட்டருக்குச் சற்று மேல், 2.5 டன் உள்ள இரும்புத்தாதுக்கு 6 கன மீட்டர் மட்டுமே. நிலக்கரிக்குச் செய்த வாளியை அப்படியே தாதுக்குள் இறக்கினால் கிரேன் தாங்காது. ஆகவே கொள்ளளவு இதன் உயிர்நிலை. கவ்வி என்பது கட்டையைப் பிடிக்கும் கருவிக்கும், பட்டறையின் இடுக்கிக்கும், துணி மாட்டும் கிளிப்புக்கும் பொதுவாகப் போய்விடும். அவற்றுக்குக் கொள்ளளவு கிடையாது. கவ்வு வினையைத் தருகிறது, வாளி கொள்ளளவைத் தருகிறது. கவ்வுவாளி என்பதே என் முடிவு. அதைச் சுருக்கிக் கவ்வாளி என்று எழுதலாம் என்ற யோசனையை மட்டும் ஏற்க இயலவில்லை. தர்காவில் பாடும் கவ்வாலி நினைவுக்கு வந்து, சிரிப்பை அடக்க முடியவில்லை.

வாளி வேண்டியதில்லாத இடமும் உண்டு. இரும்புக் கழிவையும் பெருங்கற்களையும் எடுக்க, ஆரஞ்சு உரித்த தோல்போல் ஐந்தாறு கூரிய இதழ்கள் கீழே ஒன்றுகூடும் கருவி ஒன்று இருக்கிறது. தூள் அதில் நிற்காது; அது கொள்வதல்ல, பிடிப்பது. அதைப் பல்லிதழ்க் கவ்வி என்று சொல்லிவிட்டால், வாளி இல்லாததே அது எதற்கு உதவாது என்பதைக் காட்டிவிடும். இரண்டு தாடை உள்ளது இருதாடைக் கவ்வுவாளி. தாடைக்கு அலகு என்று ஒருவர் எழுதியிருந்தார்; அலகு அளவைக்குப் போய்விட்டது, அதை மீட்க முடியாது.

கயிறுகளைப் பற்றி ஈரோட்டு நண்பர் எழுதியதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. மாடு கட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கமலையில், சால் என்ற நீர்க்கலத்தைத் தூக்கும் வடக்கயிறும், சாலின் தோல் வாலை மடக்கிப் பிடிக்கும் வால்கயிறும் இருந்தன. ஒன்று பாரம் தாங்கும், மற்றது வாயை ஆளும். சால் மேலே வந்ததும் வால் கீழ் உருளையைத் தாண்டி நிமிர்ந்து, தண்ணீர் தானாக வாய்க்காலில் பாயும். நம் கருவியின் இரண்டு கயிறுகளும் இதே பிரிவினைதான், ஆகவே வடக்கயிறு, வால்கயிறு என்ற பெயர்களையே வைத்துக்கொள்ளலாம் என்கிறார் அவர். ஆசை எனக்கும் இருக்கிறது. ஆனால் கமலையின் வால்கயிறு மெல்லியது; அது தோல் வாலை மட்டும் பிடிக்கிறது. கவ்வுவாளியின் மூடும் கயிறு அப்படியில்லை. கவ்வி முடித்துத் தரையை விட்டுக் கிளம்பும் கணத்தில், தாங்கும் கயிறு விறைப்பதற்கு முன், மொத்தப் பாரமும் அதில்தான் இருக்கிறது. மடிப்புகளின் கப்பிகளில் ஓடி ஓடி முதலில் தேய்வதும் அதுவே. வால் என்ற பெயரைக் கேட்டு ஒரு பயிற்சி மாணவர் அதை மெலிதாகத் தேர்ந்தெடுத்தால் பழி நம்முடையது. தாங்குகயிறு, மூடுகயிறு என்று வெளிப்படையாக வைத்துக்கொள்வதே நல்லது. நான்கு கயிற்று அமைப்பில் இவை இரண்டிரண்டாக வரும். ஒன்று வலமுறுக்கு, மற்றது இடமுறுக்கு என்று இணைத்தால் ஒன்றின் முறுக்கை மற்றது ஈடுசெய்து, வாளி காற்றில் சுழலாமல் நிற்கும்.

எழுத்து முறையில் ஒரு சிறு திருத்தம். முந்தைய மடல்களில் மூடுக்கயிறு, தாங்குக்கயிறு என்று ஒற்று மிகுந்து வந்திருந்தது. இவை சுடுசோறு, ஊறுகாய் போன்ற வினைத்தொகைகள், ஒற்று மிகாது.

தாடைகள் சந்திக்கும் விளிம்புக்கு மட்டும் இன்னும் சொல் அமையவில்லை. வேலையிடத்தில் லிப்பு என்கிறார்கள். உதடு என்றால் மென்மை வந்துவிடுகிறது. இது தேய்மானத்தைத் தாங்கும் கடினமான எஃகுப் பட்டை, தேய்ந்தால் வெட்டியெடுத்துப் புதிது பற்றவைப்பார்கள். களிமண்ணுக்கு இதே இடத்தில் பல் வைப்பார்கள் என்பதால் ஈறு என்றும் சொல்லிப் பார்த்தேன், ஒப்பவில்லை. வாய்விளிம்பு என்று தற்காலிகமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இதைவிடக் கூர்மையான சொல் யாரிடமாவது இருந்தால், பட்டியலை மூடுவதற்கு முன் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.