‘நீர்வெப்ப மாற்றம்’ போதுமா?

வணக்கம்.

பழைய எரிமலைப் பாறைகளில் சூடான கரைசல் ஊடுருவிக் கனிமங்களை மாற்றுவதை (hydrothermal alteration) ‘நீர்வெப்ப மாற்றம்’ என்று எழுதிவருகிறோம். இரண்டு பாதியுமே இடிக்கின்றன. தமிழ்த் தொகையில் தலைச்சொல் பின்னால் வரும்; ‘நீர்வெப்பம்’ என்றால் நீரின் வெப்பம். இங்கே வேலை செய்வதோ வெப்பமேறிய நீர். ஆகவே ‘வெப்பநீர்’. (‘வெந்நீர்’ குளியலுக்கு, 300 பாகை செல்சியசிலும் அழுத்தத்தால் கொதிக்காமல் நிற்கும் உப்புக்கரைசலுக்கு அது ஒட்டாது.)

‘உருமாற்றம்’ மெட்டமார்ஃபிசத்துக்கு (ஆழத்தின் வெப்பம், அழுத்தத்தால் பாறை மாறுவதற்கு) போய்விட்டது. ‘சிதைவு’ வெயில் மழையால் நேர்வது. எனவே ‘வெப்பநீர்த் திரிபு’ என்று வைக்கலாம். நுண்ணோக்கியில் பிளேஜியோகிளேஸ் (ஒருவகை ஃபெல்ட்ஸ்பார் கனிமம்) படிகத்தின் வெளிக்கோடு கலையாமல் இருக்கும். உள்ளே முழுக்கப் பொடிப்பொடியான செரிசைட் (நுண்மைக்கா) செதில்கள். பால் திரிவது போலத்தான்: இடம் அதே, பொருள் வேறு. புணர்ச்சி விகாரம் மூன்றும் இதில் உண்டு: பைரைட் (இரும்பு சல்ஃபைடு) தோன்றுகிறது, ஃபெல்ட்ஸ்பார் திரிகிறது, சோடியம் கெடுகிறது.

———

> எனவே ‘வெப்பநீர்த் திரிபு’ என்று வைக்கலாம்.

ஐயா, ‘வெப்பநீர்’ சரி. ஆனால் ‘தகைவு, திரிபு’ (stress, strain) என்று பள்ளி இயற்பியலிலேயே திரிபு வேறு பொருளில் உட்கார்ந்திருக்கிறது. ‘விகாரம்’ என்று மாற்றினாலும் தப்ப முடியாது, இலங்கை நூல்களில் அதற்கும் அதே பொருள். பிளவு வலயத்தில் நசுங்கல், கனிம மாற்றம் இரண்டும் சேர்ந்தே வரும். ‘திரிபு மிகுந்த பாறை’ என்று எழுதினால் நசுங்கியதா, செரிசைட் ஆனதா?

விகார ஒப்புமை அழகு. ஆனால் எது கெட்டது என்பதைப் பகுப்பாய்வு எண்ணை நேராகப் பார்த்துச் சொல்லக் கூடாது. மாறாத ஆண்டிசைட்டில் (ஒருவகை எரிமலைப் பாறை) சிர்க்கோனியம் 150 பிபிஎம் (பத்து லட்சத்தில் 150 பங்கு), மாறியதில் 120 என்று கொள்வோம். கரைசலோடு சிர்க்கோனியம் நகரவில்லை என்றால் 100 கிராம் பாறை 125 கிராமாகியிருக்கிறது (150 ÷ 120 = 1.25). சிலிக்கா 58 விழுக்காட்டிலிருந்து 66 ஆனது வெறும் 8 கூடியதாகத் தெரியும்; 66 × 1.25 = 82.5, உண்மையில் வந்து சேர்ந்தது 24.5 கிராம். சோடியம் ஆக்சைடு 3.6இலிருந்து 0.8 ஆனால், 0.8 × 1.25 = 1.0, இழப்பு 2.8 அல்ல, 2.6 கிராம். சிர்க்கோனியம், டைட்டானியம் விகிதம் இரண்டு மாதிரியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் மூலப்பாறையே வேறு, அல்லது ஃபுளோரின் மிகுந்த கரைசல் சிர்க்கோனியத்தையும் கிளப்பியிருக்கிறது. குவார்ட்ஸ் நரம்பைப் பிரிக்காமல் சேர்த்து அரைத்தால் சிலிக்காக் கணக்கு பொய்யாகும்.

———

> இரண்டும் சேர்ந்தே வரும்

ஒப்புக்கொள்கிறேன். ‘திரிபு’ இயற்பியலிடமே இருக்கட்டும். நமக்கு ‘வெப்பநீர்த் திரிதல்’, விளைபொருள் ‘திரிந்த பாறை’. பெயரெச்சமாக நின்றால் குழப்பம் வராது.

இணைச்சொற்களையும் இத்துடன் முடித்துவிடலாம். இப்போது ஓய்ந்துவிட்ட பழைய வெப்பநீர்த் தொகுதிகளை, ஆங்கிலத்தில் ‘fossil’ என்பதால், ‘தொல்லுயிர்’, ‘புதைபடிவ’ என்றெல்லாம் அழைக்க வேண்டாம், அங்கே உயிர் எதுவும் புதையவில்லை. அவிந்த எரிமலை என்கிறோமே, ‘அவிந்த வெப்பநீர்த் தொகுதி’ போதும்.

பாறையில் குளோரைட், எபிடோட் என்ற பச்சைக் கனிமங்கள் உருவாகும் வகைக்கு வழங்கும் ‘புரொப்பிலிட்டிக்’ என்பதை ஒலிபெயர்க்கவே வேண்டாம் என்பேன். ஜெர்மானிய நிலவியலாளர் ரிக்ட்ஹோஃபன் 1868இல் புரொப்பிலைட்டைத் தனிப் பாறை வகையென்று நம்பி, மூன்றாம் ஊழி (Tertiary) எரிமலைப் பாறைகளுக்கு அது வாயில் என்ற கருத்தில் கிரேக்கப் பெயர் சூட்டினார். அது தனிப் பாறையல்ல, திரிந்த பாறைதான் என்று அமெரிக்க நிலவியலாளர் பெக்கர் 1882இல் நெவாடாவின் காம்ஸ்டாக் வெள்ளிச் சுரங்கப் பகுதி ஆய்வில் காட்டிவிட்டார். பிழையில் பிறந்த பெயரை நாம் சுமப்பானேன்? ‘குளோரைட், எபிடோட் திரிதல்’ என்றால் கனிமமே பேசும். எபிடோட் நன்கு வளர்ந்திருந்தால் ஏறத்தாழ 240 பாகையைத் தாண்டியது என்பதும் உடனே தெரியும்.

களிமண் வலயத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். பைரைட் காற்றுப்பட்டு அமிலம் கக்கினால் கீழுள்ள ஃபெல்ட்ஸ்பார் கயோலினைட் என்ற களிமண் கனிமம் ஆகும். அது சிதைவு, திரிதல் அல்ல. கூடுதல் சூட்டில் உருவாகும் டிக்கைட்டோ பைரோஃபில்லைட்டோ கூட இருந்தால்தான் ‘வெப்பநீர்’ என்ற அடையைத் துணிந்து சேர்க்கலாம். கயோலினைட் மட்டும் கிடைத்த மாதிரிக்கு ‘களிமண்ணான பாறை’ என்று எழுதி நிறுத்திக்கொள்வோம்.