பைக் டயருக்கு எவ்வளவு காற்று?

கேள்வி: டயர் ஓரத்தில் 41 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) என்று இருக்கு. செயின் கவர் ஸ்டிக்கரில் முன்னே 25, பின்னே 28. எதை வைக்கணும்?

பதில் 1: ஸ்டிக்கரைத்தான். 41 என்பது முழுப் பாரத்துக்கான உச்ச அளவு. அவ்வளவு அடைத்தால் டயரின் நடுப்பட்டை மட்டும் ரோட்டில் படும், அதுவே சீக்கிரம் தேயும். ஈர ரோட்டில் பிடிப்பும் போயிடும்.

பதில் 2: டயர் ஆறினபிறகு அளங்க, வண்டி நின்று மூணு மணி நேரமாவது ஆகணும். ஓடி வந்த டயர் 3, 4 பி.எஸ்.ஐ. அதிகமாக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிடாதீங்க!

பதில் 3: பின்னால் ஆள் ஏறினால் ஸ்டிக்கரில் அதுக்குத் தனி அளவு இருக்கும், பின் டயருக்கு அதை வையுங்க. காற்று குறைஞ்சா வளைவில் வண்டி நெளியும், பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். அடிக்கடி இறங்குதா? வால்வு வாயில் சோப்பு நீர் விட்டுப் பாருங்க. குமிழி வந்தால் வால்வு பின்னை (வால்வுக்குள்ளே காற்றை அடைக்கிற சின்ன ஊசி) இறுக்கணும், இல்லைன்னா மாத்தணும்.