ஹோவர்டு கவுண்டியின் பழைய வாக்கு விவரங்கள் வேண்டும், உதவுங்கள்

நண்பர்களே, வணக்கம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹோவர்டு கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) என்று ஒரு சின்ன விவசாயப் பகுதி, மொத்தமே சுமார் 9,500 பேர்தான், மக்காச்சோளம், சோயா, பன்றிப் பண்ணை, பால் மாடு. 2012 அதிபர் தேர்தலில் ஒபாமாவை 20 சதவீதப் புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்த இதே மக்கள், நாலே வருடத்தில், 2016-ல், டிரம்புக்கு அதே 20 புள்ளிக்கு மேல் கொடுத்தார்கள். நாடு முழுக்க இப்படிப் புரண்ட கவுண்டி இது ஒன்றுதான்! 2020-லும் 2024-லும் டிரம்ப் பக்கமே நின்றது.

பசுமைப் புரட்சியின் நார்மன் போர்லாக் வளர்ந்த மண் என்பதால்தான் முதலில் இந்த ஊர் மேல் எனக்கு ஆர்வம் வந்தது, அப்புறம் விட முடியவில்லை.

இதைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதுகிறேன். கவுண்டி மொத்தக் கணக்கு கிடைத்துவிட்டது. ஆனால் கவுண்டியின் தலைமை ஊரான க்ரெஸ்கோ நகரம் எப்படி ஓட்டுப் போட்டது, சுற்றியுள்ள பண்ணைப் பகுதிகள் எப்படிப் போட்டன என்று பிரித்துப் பார்க்க வாக்குச்சாவடி வாரியான எண்கள் வேண்டும், முக்கியமாக 1980-களின் பண்ணைக் கடன் நெருக்கடிக் காலத்தவை. எங்கே கேட்கலாம், யாருக்கு எழுதலாம்? அயோவா பக்கம் இருந்தவர்கள், படித்தவர்கள் யாராவது இருந்தால் அங்கே பேசிக்கொண்டதையும் சொல்லுங்கள், ரொம்ப உதவியாக இருக்கும்.