செப்டிக் டேங்கை விட்டு பாதாள சாக்கடைக்கு மாறும்போது: வாட்டம், சேம்பர், பழைய டேங்க்

மேட்டுத்தோட்டம்:
வணக்கமுங்க. 2011-ல கோவை மாநகராட்சியோட சேர்ந்த ஓரப் பகுதி. தெருவுல மெயின் லைன் போட்டு, ரோட்டோரமா வீட்டு இணைப்பு சேம்பரும் (பைப் வந்து சேர்ற, மூடி போட்ட சின்னத் தொட்டி) கட்டிட்டாங்க. கழிவறை பைப் வெளிய வர்ற இடத்துல இருந்து அது 55 அடி. இந்தப் பக்கம் பைப் அடிமட்டம் 18 இன்ச் ஆழம், ரோட்டு சேம்பர் 3 அடி ஆழம். 4 இன்ச் பைப் போதுமா? செப்டிக் டேங்கை அப்படியே வெச்சு, அதோட அவுட்லெட்டை மட்டும் இணைச்சா செலவு மிச்சம்னு கொத்தனார் சொல்றார். மொட்டைமாடித் தண்ணி, மாட்டுக்கொட்டகை கழுவுற தண்ணி எல்லாம் இதுலயே விடலாமா?

நீர்மட்டம்:
ஒரு வீட்டுக்கு 4 இன்ச் (110 மி.மீ) தாராளம். அதுக்குக் குறைஞ்சபட்ச வாட்டம் (சரிவு) 57-க்கு 1, அதாவது 57 அடி நீளத்துக்கு 1 அடி இறக்கம். வேலை நடக்கற இடத்துல 10 அடிக்கு 2¼ இன்ச்னு வெச்சுக்குங்க. 55 அடிக்கு 12½ இன்ச் இறக்கம். 18-ஐக் கூட்டினா 30½. சேம்பர் 36 இன்ச், அதனால கணக்குக்கு வாட்டம் கிடைக்குது.

ஆனா நீங்க சொன்ன ரெண்டு ஆழமும் அந்தந்த இடத்துத் தரையில இருந்து அளந்ததா? அப்படின்னா இந்தக் கணக்கே செல்லாது. ரோட்டுப் பக்கம் தரை ஒரு அடி மேடா இருந்தா, அந்த 3 அடி உங்க வீட்டுக் கணக்குல 2 அடிதான், பைப் சேராது. டியூப் லெவல் போடுங்க: தண்ணி நிரப்பின டியூபை ரெண்டு முனையிலயும் பிடிச்சு (உள்ளே காத்துக்குமிழ் இருக்கக் கூடாது), ஒரே மட்டத்துல சுவர்ல கோடு போட்டு, அந்தக் கோட்டுல இருந்து ரெண்டு பைப் மட்டத்தையும் இறக்கி அளங்க. பள்ளம் தோண்டறதுக்கு முன்னாடியே இதை முடிச்சுடணும்.

இறக்கம் பத்தலைன்னா 6 இன்ச் போடுங்க, அதுக்கு 100-க்கு 1 போதும். மண்ணுக்குள்ள போற பைப் ஐ.எஸ். 15328 முத்திரை உள்ளதா இருக்கட்டும். வீட்டுச் சுவர்ல போற சாம்பல் கலர் எஸ்.டபிள்யூ.ஆர். பைப்பை வண்டி ஏறுற இடத்துல புதைச்சா நசுங்கிடும்.

கழிவுநீர்_பொறியாளர்:
டேங்க் வழியா விடாதீங்க சார். டேங்க்ல தெளிஞ்ச தண்ணியை மட்டும் கொண்டுபோற சின்னக் குழாய்த் திட்டம்னு ஒண்ணு உண்டு, அங்கே டேங்க் கட்டாயம். உங்க தெருவுல போட்டிருக்கறது வழக்கமான பாதாள சாக்கடை. இதுல டேங்கை நடுவுல வெச்சா வண்டல் அள்ளுற செலவு தீராது. டேங்க்ல அழுகி வர்ற தண்ணியில ஹைட்ரஜன் சல்பைடு கலந்திருக்கும், அது சேம்பர் சிமெண்டையும் அரிக்கும்.

புது லைனை டேங்குக்கு முன்னாடியே திருப்பிடுங்க. லாரியில கழிவை உறிஞ்சி எடுத்த பிறகு (14420-ல கூப்பிடலாம்), மேல் ஸ்லாபை எடுத்துட்டு, மேல நின்னே கடப்பாரையால அடித்தளத்துல ஓட்டை போட்டு, மண்ணோ எம்-சாண்டோ அடுக்கடுக்கா போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் நல்லா அழுத்தி நிரப்புங்க. ஓட்டை இல்லாம நிரப்பினா மழைக்காலத்துல உள்ளே தண்ணி தேங்கி மண் அமுங்கும். எந்தக் காரணத்துக்கும் ஆளை உள்ளே இறக்காதீங்க. மூடியைத் திறந்து போட்டாலும் விஷவாயு முழுசா போகாது. இப்படி ஆளை இறக்குறது கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றம்.

நிறைய பேர் மறக்கற விஷயம்: டேங்க் போனா அதோட வென்ட் பைப்பும் (வாயு வெளியேற மேலே ஏத்தற குழாய்) போயிடும். கழிவறை லைனுக்குத் தனியா வென்ட் ஏத்துங்க. இல்லாட்டி ஃபிளஷ் பண்ணும்போது டிராப்ல (நாத்தத்தைத் தடுக்கத் தண்ணி தேங்கி நிக்கற வளைவு) இருக்கற தண்ணி உறிஞ்சிட்டுப் போய், வீட்டுக்குள்ள நாத்தம் வரும்.

பிளம்பர்_பார்வை:
அடைப்பு பெரும்பாலும் சேம்பர்லதான் தொடங்குது. அடியைத் தட்டையா பூசி விட்டுடறாங்க, மலம் அங்கேயே நின்னுடுது. பைப் அகலத்துக்கு அரைவட்டக் கால்வாய் எடுத்து, ரெண்டு பக்கமும் அதை நோக்கிச் சரிவா வழவழன்னு பூசணும். லைன் திரும்புற ஒவ்வொரு இடத்துலயும் ஒரு சேம்பர் வேணும். கிளை லைன் சேர்ற இடத்துல டி போடாதீங்க, 45 டிகிரி ஒய் போடுங்க. குளியலறை, சமையலறைத் தண்ணி கல்லி டிராப் (வீட்டுக்கு வெளிய தரையில வைக்கற, ஜல்லடை மூடி போட்ட டிராப்) வழியா வரட்டும்.

பைப்புக்கு அடியில 4 இன்ச் மணல் மெத்தை. மூடறதுக்கு முன்னாடி ஒரு முனையில டார்ச், மறுமுனையில கண்ணாடி வெச்சுப் பாருங்க. முழு வட்டமா வெளிச்சம் தெரிஞ்சா லைன் நேரா இருக்கு. பிறை மாதிரி தெரிஞ்சா எங்கேயோ தொய்வு, அதை எடுத்துட்டுத்தான் மண் தள்ளணும்.

ரோடு உசந்துட்டே வர்ற தெருவா? கழிவறைத் தளம் தெரு மேன்ஹோல் மூடியைவிடத் தாழ்வா இருந்தா, மெயின் அடைக்கும்போது கழிவு உங்க வீட்டுக்குள்ளதான் பொங்கும். திறந்து சுத்தம் பண்ற மாதிரி சேம்பருக்குள்ள ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு (கழிவைத் திரும்பி வரவிடாத வால்வு) வையுங்க.

மேட்டுத்தோட்டம்:
தரை மட்டத்துல இருந்துதான் அளந்தேனுங்க. டியூப் லெவல் போட்டுட்டு மறுபடி எழுதறேன். மழைத்தண்ணி, கொட்டகைத் தண்ணி?

கழிவுநீர்_பொறியாளர்:
ரெண்டும் கூடாது. மழைத்தண்ணி கலந்தா பம்பிங் ஸ்டேஷன் தாங்காது, பள்ளத்துல இருக்கற வீடுகள்ல மேன்ஹோல் பொங்கும். அதை மழைநீர் சேகரிப்புக் குழிக்குத் திருப்புங்க. சாணி, வைக்கோல் குப்பைக்குழிக்கு. கொட்டகை கழுவுற தண்ணியை ஒரு சின்னத் தொட்டியில தெளியவிட்டுத் தென்னைக்குப் பாய்ச்சுங்க. பாத்திரம் விளக்கற சாம்பலும் மணலும் சேரக் கூடாது. புது லைன்ல கொஞ்ச வீடுதான் சேர்ந்திருக்கும், தண்ணி ஓட்டம் பத்தாது. வினாடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது இல்லாட்டி மணல் அடியில தங்கி இறுகிடும். அக்கம்பக்கத்துல இருக்கறவங்களையும் ஒரே சமயத்துல இணைப்பு எடுக்கச் சொல்லுங்க.