பாசியை அழுத்துவதா, வாட்டுவதா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு சொல்லுக்கு இத்தனை மறுமொழி வரும் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் படித்துவிட்டு ஒரே மடலாக எழுதுகிறேன். நுண்பாசி, நிறமி, ஆக்சிஜனேற்றத் தடுப்பி ஆகியவற்றில் நமக்குள் சண்டை இல்லை. நாம் தமிழாக்கும் பாசி வளர்ப்புக் கையேடு முட்டிக்கொண்டு நிற்பது 'ஸ்ட்ரெஸ்' (stress) என்ற ஆங்கிலச் சொல்லில்தான்.

உயிரியல் பக்கம் வராதவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹீமட்டோகாக்கஸ் என்ற நன்னீர்ப் பாசிக்குப் போதிய சத்தும் மிதமான வெளிச்சமும் கொடுத்தால் பச்சையாக இருக்கும், இரண்டு கசையிழைகளால் நீந்தும், பிரிந்து பெருகும். சிவப்பு நிறமியான அஸ்டாக்சாந்தின் அப்போது பெயருக்குத்தான் இருக்கும். பிறகு நைட்ரஜனை நிறுத்திவிட்டு வெளிச்சத்தைக் கூட்டுகிறார்கள். நைட்ரஜன் இல்லாமல் புரதம் கட்ட முடியாது, பிரியவும் முடியாது. வெளிச்சம் மட்டும் விழுந்துகொண்டே இருக்கிறது. செலவழிக்க வழியில்லாத அந்த ஆற்றலால், கண்டதையும் தாக்கும் ஆக்சிஜன் வடிவங்கள் செல்லுக்குள் உருவாகின்றன. செல் நீச்சலை விட்டுவிட்டுத் தடித்த சுவருக்குள் ஒடுங்கி, எண்ணெய்த் துளிகளில் அஸ்டாக்சாந்தினைச் சேர்க்கத் தொடங்குகிறது. வெளிச்சத்துக்கு அது திரை, ஆக்சிஜனுக்கு அது தடுப்பு. உலர் எடையில் 4 சதவீதம்கூட வரும். பச்சைக் குடுவை சில நாளில் செங்கல் நிறமாகிவிடும். வேண்டுமென்றே நாம் கொடுக்கும் இந்தத் தொல்லைக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

'அழுத்தம்' என்று முதலில் எழுதியவன் நான்தான். அதே கையேட்டில் சில பக்கம் தள்ளி, நிறமியைப் பிரித்தெடுக்கக் கார்பன் டைஆக்சைடை 74 பாருக்கும் ('பார்' என்பது பிரஷரின் அலகு) மேலே அழுத்துகிறார்கள். 'அழுத்தத்தில் சிவந்த பாசியிலிருந்து அழுத்தத்தில் நிறமி எடுத்தல்' என்று வந்து நின்றது. அங்கேயே பேனாவை வைத்துவிட்டேன்.

> எங்கட பாடநூல்களில பிரஷரை அமுக்கம் எண்டுதானே சொல்லுறம். நீங்களும் எடுத்தால் ஸ்ட்ரெஸுக்கு அழுத்தம் மிச்சமாகும்.

இலங்கை நண்பர் சொல்வது நியாயம். குருதி அமுக்கம் என்று அங்கே இயல்பாகவே புழங்குகிறது. ஆனால் இன்னொரு கரையின் வாசகரை ஒரே கையேட்டில் மாற்றிவிட முடியாது. ஸ்ட்ரெஸுக்கு இருக்கும் இன்னொரு சொல்லான 'தகைவு' இயற்பியலார் கைக்குப் போய்விட்டது. கம்பியை இழுக்கும் கணக்குக்கு அது சரி, உயிருக்கு ஒட்டவில்லை.

என் பரிந்துரை 'வாட்டல்'. வெயில் வாட்டுகிறது, பசி வாட்டுகிறது, குளிர் வாட்டுகிறது என்று நாம் யோசிக்காமலே சொல்கிறோம். ஒளி, சத்துக்குறைவு, வெப்பநிலை: பாசிக்குக் கொடுக்கும் தொல்லைகளும் கிட்டத்தட்ட இவையேதான். வினையாகவும் தடங்கலில்லாமல் வரும்: 'வளர்ப்பை நன்றாக வாட்டிய பிறகு அறுவடை செய்க.'

> வாட்டினால் வாட வேண்டுமே? இது சிவக்கிறதே. 'நிறமேற்றல்' என்றே வைத்துவிடலாம்.

இந்த மறுப்புதான் என்னை ஒரு நாள் முழுக்க உட்கார வைத்தது. ஆனால் ஸ்பைருலினாவைப் பாருங்கள். (அது பாசியே அல்ல, நீலப்பச்சை பாக்டீரியா, அந்தச் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்வோம்.) அதன் நீல நிறமியான பைகோசயனின் ஒரு புரதம். நைட்ரஜனை நிறுத்தினால், செல் அந்தப் புரதத்தையே உடைத்துத் தின்றுவிடும். நீலம் வெளிறி மஞ்சள் தட்டிவிடும். செய்தது ஒன்றுதான், விளைவு நேரெதிர். அதனால் செய்கைக்கு விளைவின் பெயரைச் சூட்டக் கூடாது என்று படுகிறது. சிவந்த நிலைக்குத் தனிப்பெயர் இருக்கட்டும்: பசும்பருவம், செம்பருவம். டுனாலியெல்லா என்ற உப்புநீர்ப் பாசி பீட்டா கரோட்டின் என்ற நிறமியைச் சேர்த்து ஆரஞ்சு நிறமாகும், ஆனாலும் 'செம்' அதையும் தாங்கும்.

> வாட்டம் என்றால் சரிவு. குளம் கட்டுகிறவரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

சிரித்துவிட்டேன். உண்மைதான், தண்ணீர் வடியத் தரைக்கு வாட்டம் கொடு என்பதும் இதே கையேட்டில் வரும். அதற்காகத்தான் 'வாட்டம்' வேண்டாம், 'வாட்டல்' என்கிறேன். காரணியை 'வாட்டி' என்றால் 'இந்த வாட்டி, அடுத்த வாட்டி' ஆகிவிடும். 'வாட்டு காரணி' போதும்.

'ஒறுப்பு' என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், ஆனால் அது முழுச்சொல் ஆகாது. சத்தைக் கொடுக்காமல் நிறுத்துவதற்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. வெளிச்சத்தைக் கூட்டிக் கொடுப்பதை எப்படி ஒறுப்பு என்பது? எனவே 'நைட்ரஜன் ஒறுப்பு' வாட்டலில் ஒரு வகை என்று சேர்த்துக்கொள்கிறேன்.

ஒரு இடம் இன்னும் உறுத்துகிறது. 'ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்' என்பதற்கு 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' மருத்துவக் கட்டுரைகளில் வேர்பிடித்துவிட்டது, 'ஆக்சிஜனேற்ற வாட்டல்' காதுக்குப் புதிது. அதை மட்டும் பழையபடி விட்டுவிடலாம் என்று இருவர் சொன்னார்கள். அப்படி விட்டால், வெளியிலிருந்து நாம் வாட்டியதுதான் செல்லுக்குள் ஆக்சிஜன் தொல்லையாக மாறுகிறது, அதைத்தான் நிறமி தடுக்கிறது என்ற சங்கிலி வாசகர் கண்ணுக்குத் தெரியாமல் போகும். கையேட்டின் உயிரே அந்தச் சங்கிலிதான். நான் மாற்றவே போகிறேன்.

அப்புறம் ஒரு சந்தேகம்: வெயிலும் பசியும் வாட்டும், சரி. உப்பு வாட்டும் என்று உங்கள் பக்கம் யாராவது பேசிக் கேட்டதுண்டா? டுனாலியெல்லாவுக்கு அந்தத் தொடர் கட்டாயம் தேவைப்படும்.

அன்புடன்